இறக்கத்துக்கு ஒரு ஜோடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் நண்பர்கள் ஜூலையில் நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைக்கு, தார் என்னும் மலையாட்டு வேட்டைக்கு, உன்னை அழைத்திருக்கிறார்கள். துப்பாக்கி உரிமம் வாங்கியாயிற்று, கோட்டு வாங்கியாயிற்று, பை வாங்கியாயிற்று. பூட்ஸ் மட்டும் பாக்கி. மூன்று படங்களை அனுப்பி, "இதில் எது நல்லது, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். முதலில் வாங்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதற்கும் ஒரே வரியில் பதில் வேண்டுமாம்! சரி, ஒரு வரி இதோ: பூட்ஸை இறக்கத்துக்கு வாங்கு. புரியவில்லை அல்லவா? அப்படியானால் மிச்சத்தையும் படி.

அதற்கு முன் உன் அம்மா கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன்னை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்பாள். "வரையாட்டுச் சாதியையா பிள்ளை சுடப்போகிறான்?" நியாயமான கேள்வி. இமயமலைத் தாரையும் நம் நீலகிரி வரையாட்டையும் விலங்கியலாளர்கள் நெடுங்காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005இல்தான் வரையாட்டுக்குத் தனிப் பேரினம் கொடுத்தார்கள். நம் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடினால் சிறை. நியூசிலாந்தின் கதை வேறு. தரையில் வாழும் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர எதுவும் இயல்பாக இல்லாத நாடு அது. 1904இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய தார்களை மவுண்ட் குக் அருகே அவிழ்த்துவிட்டார்கள். துரத்த ஒரு சிறுத்தைகூட இல்லாத மலை, பெருகின. உயரத்தில் கொத்துக் கொத்தாக வளரும் முடிப்புல்லையும் அங்கே மட்டுமே பூக்கும் செடிகளையும் மொட்டையடித்தன. மொத்தம் 10,000க்கு மேல் போகக் கூடாது என்று 1993இல் அரசு ஒரு கட்டுப்பாட்டுத் திட்டமே போட்டது. அனுமதிச் சீட்டோடு போகிற வேட்டைக்காரன் அந்த மலைக்குக் கெடுதல் செய்கிறவன் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல். இறைச்சியை வீணாக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல். அதுதான் அவளுக்கு முக்கியம்.

இனி பூட்ஸ். நீ தேடிப் போகிற ஆட்டின் குளம்பையே முதலில் பார். வெளி விளிம்பு கெட்டி. நடுவில் ரப்பர் போல மெத்தென்ற சதை. விளிம்பு பாறையின் சின்னப் படியைப் பிடித்துக்கொள்ளும், நடுச்சதை வழுக்காமல் அமுங்கும். உன் பூட்ஸுக்கும் இந்த இரண்டு குணமும் வேண்டும்: விளிம்பில் நிற்கிற கடினம், பாறையைப் பற்றுகிற மென்மை. கடைக்காரர் சொல்கிற மீதி எல்லாம் இந்த இரண்டுக்குப் பிறகுதான்.

"இறக்கத்துக்கு வாங்கு" என்று ஏன் சொன்னேன்? மலை நடைக்குப் போகிறவர்களுக்குப் பாதை இருக்கும். ஏறும்போது இருந்த சுமைதான் இறங்கும்போதும், பெரும்பாலும் சாப்பாடு தீர்ந்து குறைந்தே இருக்கும். வேட்டைக்காரனுக்கு இரண்டும் தலைகீழ். பாதை கிடையாது, ஆடு நிற்கிற இடம்தான் பாதை. ஏறும்போது முதுகு லேசு. நல்ல வேளையாக ஏதாவது கிடைத்துவிட்டால், இறங்கும்போது இறைச்சியும் தோலும் கொம்பும் முதுகில். வளர்ந்த கிடா ஒன்று 70 கிலோவுக்கு மேல் நிற்கும். எலும்பைக் கழித்தாலும் அது விளையாட்டுச் சுமை இல்லை. ஜூலையில் பொழுதும் சீக்கிரம் சாயும். களைத்த கால், கனத்த முதுகு, மங்குகிற வெளிச்சம், உறைகிற சரிவு. கால் திரும்புவதும் நகம் கறுப்பதும் அந்த நேரத்தில்தான். நீயோ கடையில் பூட்ஸை மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பாய். கண்ணாடி முன்னால் எந்த பூட்ஸும் கடிக்காது.

உன் முதல் தப்பு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். "மாமா, மைண்டலா, லோவாவா, ஸ்கார்பாவா?" பிராண்டைப் பிடித்துக்கொள்வாய். மூன்றும் நல்ல கைகள்தான். லோவா 1923இலிருந்தும் ஸ்கார்பா 1938இலிருந்தும் செய்கிறார்கள். உன்னையும் என்னையும் விடப் பாதங்களை அதிகம் பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியப் பாதங்கள். நீ பள்ளிக்கூடம் முடிக்கிற வரை ரப்பர் செருப்பில் வளர்ந்தவன். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த காலுக்கு முன்பக்கம் அகலமாக இருக்கும், விரல்கள் விரிந்து நிற்கும். குறுகலான பூட்ஸுக்குள் அதைத் திணித்தால் சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். நீ என்ன செய்வாய்? ஒரு அளவு பெரியதாக வாங்குவாய். நீளம் கூடும், குதிகால் லொடலொடக்கும், இறக்கத்தில் பாதம் முழுதும் முன்னால் சறுக்கிப் பெருவிரல் போய் இடிக்கும். அகலக் குறையை நீளத்தால் தீர்க்க முடியாது, தம்பி. ஹான்வாக், லோவா, மைண்டல் மூன்றுமே அகலக் கால்களுக்கென்று தனி அச்சில் சில ரகங்கள் செய்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கு. செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று நம் ஊரில் கேட்பார்கள். 600 டாலர் செருப்புக்கும் அதே கேள்விதான்.

இணையத்தில் 80 டாலர் குறைவாகக் கிடைக்கிறது என்று அடுத்ததாகச் சொல்வாய். மறுபடி அதே அளவில் அதே ரகம் வாங்குகிறபோது இணையத்தில் வாங்கு. முதல் ஜோடிக்குக் கடைக்கு நட. சாயங்காலம் போ, நாள் முழுக்க நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகிற கம்பளி சாக்ஸைக் கையோடு எடுத்துப் போ. இரண்டு பாதத்தையும் அளக்கச் சொல். ஒன்று பெரிதாகத்தான் இருக்கும், அதற்கு வாங்கு. உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில். பாதம் அதன் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த பூட்ஸை அங்கேயே வைத்துவிடு. பிறகு லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்னால் இடிக்கிற வரை தள்ளிப் பார். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. நல்ல கடைகளில் சாய்வுப் பலகை ஒன்று வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மாடிப்படி போதும். லேஸை இறுக்கிக் கட்டி, முதுகில் கனமான பையோடு அதில் இறங்கு. குதித்துக் குதித்து இறங்கு. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பெருவிரல் முன்னால் தொட்டால் வேண்டாம். ஏறும்போது குதிகால் உரலுக்குள் உலக்கை மாதிரி ஏறி இறங்கினாலும் வேண்டாம். கெட்டியான புது பூட்ஸில் மயிரிழை அசைவு இருக்கத்தான் செய்யும், அது பழகினால் போய்விடும். பக்கவாட்டுச் சரிவிலும் நின்று பார். தார் வேட்டையில் பாதி நடை பக்கவாட்டு நடை. பாதம் உள்ளுக்குள் ஒரு பக்கமாகப் புரண்டால் மலையில் கணுக்கால் அதற்கு விலை கொடுக்கும்.

கடினத்தைப் பற்றி நீ நிச்சயம் குழம்பப்போகிறாய், ஏனென்றால் இரண்டு கணக்குகள் ஒரே எழுத்தில் ஓடுகின்றன. மைண்டல், ஹான்வாக் போன்ற ஜெர்மன்காரர்கள் பூட்ஸை ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள்: ஏ ஊருக்குள் நடக்க, பி மலைப்பாதைக்கு, சி பாதையில்லாத உயரத்துக்கு, டி பனிப்பாறை ஏற. பனியில் குத்தி நடக்கும் இரும்பு முள் சட்டத்தைக் கிராம்பான் என்பார்கள். அதைப் பூட்டுவதற்குப் பிரிட்டிஷ்காரர்கள் பி0 முதல் பி3 வரை இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பி0இல் பூட்டவே கூடாது. பி1இல் வாரால் கட்டுகிற வளையும் சட்டம். பி2இல் குதிகால் பக்கம் கொளுவும் வகையும் பொருந்தும். பி3 சற்றும் வளையாத ஐஸ் பூட்ஸ். ஜெர்மன் பட்டியலில் 'பி' என்று போட்டதைப் பார்த்து, இதில் கிராம்பான் நிற்கும் என்று நினைத்து வாங்கிவிடாதே. ஜூலை என்றால் அங்கே நடுக் குளிர்காலம். கிடாக்கள் பிடரிமயிர் சிலிர்த்து இணை தேடும் பருவம் மே முதல் ஜூலை வரை என்பதால்தான் உன் நண்பர்கள் அப்போது போகிறார்கள். நிழல் விழும் சரிவெல்லாம் உறைந்திருக்கும். ஜெர்மன் கணக்கில் பி/சி அல்லது சி, பிரிட்டிஷ் கணக்கில் குறைந்தது பி1, முடிந்தால் பி2. உன் கிராம்பானையும் கடைக்கு எடுத்துப் போய்ப் பூட்டிப் பார்.

"அவ்வளவு கெட்டியாக இருந்தால் நடக்கக் கஷ்டமாக இருக்காதா?" இருக்கும். ரோட்டில். ரோட்டிலா ஆடு மேய்கிறது? சரிவில் பூட்ஸின் ஓரத்தை மட்டும் பதித்து நிற்கும்போது வளைகிற அடி உன் கெண்டைக்கால் தசையிடம் வேலை வாங்கும். வளையாத அடி அந்த வேலையைத் தானே செய்யும். அதற்காக இருப்பதிலேயே கனமானதைத் தூக்கி வராதே. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோ என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. கடினம் வேறு, கனம் வேறு. தராசில் வைத்துப் பார்க்கக் கூச்சப்படாதே.

தோலா, துணியா என்று கேட்டிருந்தாய். தென் ஆல்ப்ஸில் தோல்தான், அதுவும் மேல்பரப்பு சீவாத முழுத் தோல், தையல் குறைவாக. அந்த மலையின் சரளைச் சரிவுகள் ரம்பம் மாதிரி அறுக்கும். முதலில் பிரிவது வெளியே துருத்திய தையல்தான். பூட்ஸின் அடியைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ரப்பர் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார். அது தோலின் ஆயுளைக் கூட்டும். ஸ்பியர்கிராஸ் என்று ஒரு செடி இருக்கிறது, பெயரே ஈட்டிப் புல். இலை நுனி ஒவ்வொன்றும் ஊசி. மெல்லிய துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்காகவே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர் ஒரு ஜோடி சேர்த்து வாங்கு. பனியும் சரளையும் உள்ளே விழாமல் அதுவே காக்கும்.

கோர்டெக்ஸ் உறை இருந்தால் கால் நனையாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். 1969இல் பாப் கோர் கண்டுபிடித்த அந்தச் சவ்வு நல்ல பொருள்தான். ஈரப்பனியில் நாள் முழுக்க நடக்க அது உதவும். ஆனால் அங்கே ஆற்றுக்குப் பாலம் தேடாதே. முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தண்ணீர் மேல்வாய் வழியாக உள்ளே வரும். வந்தது வெளியே போகாது. ஆகவே உறையை நம்பி ஒரே ஜோடி சாக்ஸோடு போகாதே. கடந்ததும் உட்கார், பூட்ஸைக் கவிழ், சாக்ஸைப் பிழி அல்லது மாற்று. நண்பர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்காத நண்பர்களோடு மலைக்குப் போகாதே.

அடியைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மலையேறுகிறவர்கள் ஆணி அடித்த தோல் பூட்ஸ் போடுவார்கள். கனம், ஆணி வழியாகக் குளிர் வேறு ஏறும். பாறை வந்ததும் அதைக் கழற்றிவிட்டு மெல்லிய அடி செருப்புக்கு மாறுவார்கள். 1935இல் இத்தாலியின் புன்ட்டா ராசிக்கா சிகரத்தில் அப்படிப் போன குழு ஒன்று புயலில் மாட்டிக்கொண்டு ஆறு பேர் இறந்துபோனார்கள். அந்தக் குழுவோடு சம்பந்தப்பட்ட மிலான் நகரத்து விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் ஒரே அடி வேண்டும் என்று பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு ஆழப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடியை உருவாக்கி, 1937இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரையே சுருக்கி விப்ரம் என்று வைத்தார்கள். இன்று நல்ல பூட்ஸுக்கு அடியில் நீ பார்க்கும் அந்த மஞ்சள் எண்கோணம் அதுதான். ஆனால் மஞ்சள் முத்திரையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளாதே. விப்ரத்திலேயே பல ரப்பர்கள். கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரப் பாறையில் வழுக்கும். மென்மையானது பிடிக்கும், சீக்கிரம் தேயும். வேட்டைக்குப் பிடிமானம் முதலில். தேய்ந்தால் அடியை மாற்றிக்கொள்ளலாம், அதனால் அடி மாற்றக்கூடிய ரகமா என்று கேட்டு வாங்கு. பனியில் நனைந்து சரிவோடு படுத்துக் கிடக்கும் முடிப்புல் இருக்கிறதே, அதன்மேல் எந்த அடியும் நிற்காது. அங்கே குச்சியை ஊன்று, மெதுவாகப் போ.

சென்னையில் அண்ணன் அலமாரியில் எட்டு வருடமாக "புத்தம் புதுசாக" ஒரு ஜோடி கிடக்கிறது, அதை அனுப்பச் சொல்லட்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். மெத்தென்று இருப்பதற்காக நடு அடியில் பாலியூரித்தேன் நுரை வைத்திருப்பார்கள். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது தானாகவே சிதையும், போடாமல் வைத்திருந்தாலும். சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். பார்க்க மினுமினுப்பாக இருக்கும். மலையில் இரண்டாம் நாள் அடி முழுசாகக் கழன்று கையில் வரும். பழைய ஜோடியைக் கட்டைவிரலால் நடு அடியில் அழுத்திப் பார். விரிசலோ பொருபொருப்போ தெரிந்தால் குப்பைக்கு.

வாங்கிவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் போடு. அடி அழுக்காகவில்லை என்றால்தான் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பிறகு நீ இருக்கும் கிறைஸ்ட்சர்ச்சின் போர்ட் ஹில்ஸ் குன்றுகள் இருக்கவே இருக்கின்றன. 1850இல் கப்பலில் வந்து இறங்கிய குடியேறிகள் லிட்டில்டன் துறைமுகத்திலிருந்து ஊருக்கு நடந்து வந்த பிரைடில் பாத் பாதையில் ஏற்றமும் செங்குத்து, இறக்கமும் செங்குத்து. பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பையில் வைத்து ஏறி இறங்கு. ஒரு நாள் போய்விட்டு "பழகிவிட்டது மாமா" என்று எழுதாதே. வார இறுதிதோறும் போ, மாதம் இரண்டு ஆகட்டும். தோல் உன் காலைத் தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கொப்புளம் ஒரு நொடியில் வருவதில்லை. முதலில் ஒரு இடம் சுடும். அந்தச் சூட்டில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டினால் ஐந்து நிமிடம். "அடுத்த மேடு ஏறிவிட்டுப் பார்க்கலாம்" என்று வீம்பு பிடித்தால் பயணமே போச்சு. பஞ்சு சாக்ஸ் வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைக்கும். மெரினோ கம்பளி போடு. பெரிய பூட்ஸை நிரப்ப இரண்டு ஜோடித் தடித்த சாக்ஸ் திணிப்பது அளவு தெரியாதவன் வேலை. லேஸைக் கணுக்கால் மடிப்பில் இரண்டு முறை முறுக்கி இறுக்கு, குதிகால் பின்னால் உட்காரும். ஏறும்போது மேலே தளர்த்து. இறங்கத் தொடங்குமுன் நின்று மறுபடி இறுக்கிக் கட்டு. கால் நகத்தை முன்னதாகவே வெட்டிக்கொள். இதைக் கூடவா சொல்ல வேண்டும் என்கிறாய். உனக்குச் சொல்ல வேண்டும்.

ராத்திரி பூட்ஸைக் கூடாரத்துக்கு வெளியே விடாதே. 1953 மே 29 காலையில் எவரெஸ்ட்டின் கடைசி முகாமில் எட்மண்ட் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. முந்தின இரவு கழற்றி வைத்திருந்தார். அதை ஸ்டவ்வில் காட்டி இளக்கின பிறகுதான் கிளம்ப முடிந்தது. அவரும் இந்தத் தென் ஆல்ப்ஸில் பழகியவர்தான். நீ லேஸை அகலத் தளர்த்தி, பூட்ஸை ஒரு பையில் போட்டு, தூக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள். அவரைப் பார்த்து நெருப்பில் காட்டும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு வேறு வழியில்லை. மலைக் குடிசை அடுப்புப் பக்கத்தில் பூட்ஸைக் காயவைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணி, ஈரமானதும் மாற்று, நிழலில் உலரவிடு. உலர்ந்த பிறகு தோலுக்கு மெழுகு தடவு. அடியிலுள்ள மண்ணையும் விதையையும் சுரண்டிக் கழுவு. வெளிநாடு போய் நியூசிலாந்துக்குத் திரும்பும்போது பழைய பூட்ஸ் இருப்பதை விமானநிலையப் படிவத்தில் எழுதாவிட்டால் 400 டாலர் அபராதம். நீ சேமித்த 80 டாலரை அதில் கழித்துக்கொள்.

"இவ்வளவு பணமா?" என்று கடைசியாக முனகுவாய். கோட்டுக்குக் கொடுத்தபோது முனகவில்லையே? கோட்டு நனைந்தால் குளிரும், அவ்வளவுதான். பூட்ஸ் துரோகம் செய்தால் உன்னைத் தூக்கிவர ஹெலிகாப்டர் வர வேண்டும். பணம் பற்றவில்லை என்றால் துப்பாக்கித் தொலைநோக்கியை ஒரு வருடம் தள்ளிப்போடு.

நீ அனுப்பிய மூன்று படங்களில் எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உன் பாதத்துக்கும் சாய்வுப் பலகைக்கும் உள்ள வழக்கு. இந்த சனிக்கிழமை சாயங்காலம் மூன்றையும் போட்டு, முதுகில் பையோடு இறங்கிப் பார்த்துவிட்டு எழுது. நிறத்தைப் பற்றி எழுதாதே. பெருவிரல் இடித்ததா, குதிகால் எழும்பியதா, இந்த இரண்டுக்கும் பதில் எழுது, போதும்.

அன்புடன்,
மாமா